"உனக்கு விக்க மாட்டேன்"னு கடைக்காரர் சொல்லலாமா? அடிக்கடி வர்ற கேள்விகளும் என் பதில்களும்

கடைய தொறந்து வச்சவர் வர்ற எல்லாருக்கும் விக்கணும்னு சட்டம் கட்டாயப்படுத்தலாமா, இல்ல "என் கடை, என் இஷ்டம்"னு விட்டுடணுமா? இந்தப் பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் கேள்விங்க மட்டும் மாறுறதே இல்ல, அதே பத்துப் பன்னெண்டுதான். ஒவ்வொருத்தருக்கா தனித்தனியா சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அதான் மொத்தமா இங்க. நான் வக்கீல் இல்ல. ஒரு காலத்துல லாட்ஜ் ரிசப்ஷன்ல உக்காந்தவன், அந்தக் கதையும் கீழ வரும். நடுநிலைன்னு நடிக்கப் போறதில்ல, என் பக்கம் எதுன்னு மொதல் பதில்லயே தெரிஞ்சிடும்.

கே: சுருக்கமா சொல்லுங்க, கட்டாயப்படுத்தலாமா கூடாதா?

படுத்தலாம், படுத்தணும்னே சொல்வேன். ஆனா எதுல கட்டாயம்ங்கறதுலதான் மொத்த சண்டையும் இருக்கு. என்ன விக்கறதுங்கறது கடைக்காரர் இஷ்டம். குடை விக்கறவர்கிட்ட போய் செருப்பும் வையின்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல. ஆனா குடைய வெளிய மாட்டி வெலையும் எழுதி வச்சதுக்கப்புறம் அத யார் வாங்கலாம்னு முடிவு பண்றதுக்கு சாதி, மதம், நிறம், ஆணா பெண்ணா, யார காதலிக்கறாங்க, கண்ணு தெரியுமா தெரியாதா இதெல்லாம் பாக்கக் கூடாது. "என்ன"ங்கறது அவர் கையில, "யாருக்கு"ங்கறது அவர் கையில இல்ல. கீழ இருக்கற பாதி கேள்விக்கு இந்த ஒரு கோட வச்சே பதில் கெடச்சிடும். மீதிப் பாதில அந்தக் கோடே கொஞ்சம் அழிஞ்சுதான் தெரியும், அதையும் மறைக்காம சொல்றேன்.

கே: எல்லாருக்கும்னா குடிச்சிட்டு கலாட்டா பண்றவனுக்குமா?

இல்லங்க. போன தடவ காசு குடுக்காம ஓடினவன், வேலைக்கு இருக்கற பொண்ண கைய புடிச்சு இழுத்தவன், ஷட்டர் பாதி எறக்கினப்புறம் வந்து நிக்கறவன், இவங்கள எல்லாம் தாராளமா திருப்பி அனுப்பலாம். சட்டம் கேக்கறது காரணத்ததான். அமெரிக்காவுல 1964ல வந்த சிவில் ரைட்ஸ் சட்டத்துல ஹோட்டல், உணவகம், தியேட்டர் மாதிரி இடங்களுக்கு நாலே நாலு காரணத்ததான் தடை பண்ணாங்க: இனம், நிறம், மதம், பூர்வீக நாடு. பெண்ணுங்கறதால மறுக்கறது அந்தப் பகுதில இல்லவே இல்ல, நம்பவே முடியாது ஆனா உண்மை. பிரிட்டன்ல 2010ல வந்த ஈக்வாலிட்டி சட்டத்துல அந்த மாதிரி பட்டியல் 9 ஆச்சு, வயசு, ஊனம், பாலின மாற்றம், கர்ப்பம் எல்லாம் உள்ள வந்துது. ஆக "எல்லாருக்கும்"னு பேச்சுல சொன்னாலும் சட்டத்துல அதுக்கு அர்த்தம் "இந்தக் காரணங்களுக்காக மட்டும் மறுக்காத"ங்கறதுதான்.

கே: என் காசு, என் கடை. அரசாங்கத்துக்கு இதுல என்ன வேல?

இது நேத்து மொளச்ச சட்டம்னு நெனச்சுக்கிட்டுதான் நெறைய பேர் இப்படி கேக்கறாங்க. இங்கிலாந்தோட பழைய பொதுச் சட்டத்துலயே சத்திரக்காரர் நியாயமான காரணம் இல்லாம வழிப்போக்கர திருப்பி அனுப்பக் கூடாதுங்கற கடமை இருந்துது. ராத்திரி நடுரோட்டுல ஒருத்தன விட்டா வழிப்பறியோ குளிரோ அவன முடிச்சிடும்ல.

அந்தப் பழைய கடமை எவ்வளவு தூரம் வந்துதுன்னு பாக்கணும்னா 1943க்கு போகணும். லியரி கான்ஸ்டன்டைன், வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட்டர், அப்பவே பெரிய பேரு. லார்ட்ஸ்ல மேட்ச் ஆடறதுக்காக லண்டன் இம்பீரியல் ஹோட்டல்ல நாலு ராத்திரிக்கு ரூம் போட்டு, பொண்டாட்டி, பொண்ணோட வந்து எறங்கறார், அட்வான்ஸும் கட்டியாச்சு. ஒரு ராத்திரி மட்டும் இருந்துட்டு கெளம்புங்கன்னுட்டாங்க. ஏன்னா ஹோட்டல்ல தங்கியிருந்த அமெரிக்கக்காரங்களுக்கு புடிக்காதாம். அவர் கேஸ் போட்டு 1944ல ஜெயிச்சார். எந்தப் புது சட்டமும் இல்ல, அந்த சத்திரக்காரர் கடமைதான். கெடச்ச நஷ்டஈடு 5 கினி, அதாவது அஞ்சே கால் பவுண்டு. இனப் பாகுபாட்டுக்குன்னே தனியா பிரிட்டன்ல சட்டம் வர 1965 ஆச்சு.

இந்திய அரசியல் சாசனத்தோட 15(2) பிரிவும் கடை, ஹோட்டல், பொழுதுபோக்கு இடங்கள்ல மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் பேர சொல்லி தடுக்கக் கூடாதுங்குது. 1948 நவம்பர் 29 அன்னிக்கு அரசியல் நிர்ணய சபைல "கடைன்னா என்ன"ன்னு விளக்கம் கேட்டப்ப அம்பேத்கர் சொன்ன பதில் எனக்கு ரொம்ப புடிக்கும்: தேடி வர்றவர் யாரா இருந்தாலும் அவருக்கு சேவை தரத் தயாரா ஒருத்தர் உக்காந்திருக்கற இடம்தான் கடை. கதவு, கல்லா, போர்டு எதுவுமே அதுல வரல பாருங்க. "வாங்க"ன்னு பொதுவா கூப்பிட்டதுதான் கடை. அப்படி கூப்பிட்டுட்டு வாசல்ல வச்சு "உன்ன இல்ல"ன்னா எப்படி?

இன்னொண்ணு. "அரசாங்கம் ஒதுங்கி இருக்கட்டும்"ங்கறாங்களே, அது எப்பவுமே ஒதுங்கி இருந்ததில்ல. 1946ல கனடாவுல வயோலா டெஸ்மண்ட்னு ஒரு கறுப்பினப் பெண், அழகு நிலையம் நடத்தினவங்க, கார் ரிப்பேர் ஆனதால ஒரு தியேட்டர்ல படம் பாக்கப் போனாங்க. கீழ, கறுப்பினத்தவர விடாத பகுதில உக்காந்தாங்க. எழுப்பி இழுத்துட்டு போனது யாரு? போலீஸ். ராத்திரி முழுக்க லாக்கப். போட்ட கேஸ் என்ன தெரியுமா, மாடி டிக்கெட்டுக்கும் கீழ் டிக்கெட்டுக்கும் கேளிக்கை வரில இருந்த வித்தியாசம் ஒரு சென்ட், அந்த ஒரு சென்ட்ட ஏமாத்திட்டாங்கன்னு! கீழ் டிக்கெட் காசு தரேன்னு கேட்டும் அவங்களுக்கு விக்கலங்கறதுதான் கொடுமை. ஆக ஓனர் "வெளிய போ"ன்னு சொன்னதும் அத நிறைவேத்த அரசாங்கம் லத்தியோட வரும். அந்த லத்தி எப்ப வரலாம் எப்ப வரக் கூடாதுன்னு கேக்கற உரிமை நமக்கு உண்டு. (2010ல மன்னிப்பு குடுத்தாங்க, 2018ல 10 டாலர் நோட்டுல படமும் போட்டாங்க. ஆனா அவங்க 1965லயே போயிட்டாங்க.)

கே: வீட்டுக்குள்ள யார விடணும்னு நான்தானே முடிவு பண்றேன், கடைக்கு மட்டும் ஏன் வேற ரூல்?

வீட்டு வாசல்ல நீங்க வெலப் பட்டியல் மாட்டல, அதான். நடுவுல இருக்கறதுக்கும் சட்டம் எடம் விட்டிருக்கு. அமெரிக்க 1964 சட்டத்துல ஓனர் தானும் குடியிருந்துக்கிட்டு அஞ்சு ரூமுக்கு மேல போகாம வாடகைக்கு விட்டா அவருக்கு விதிவிலக்கு, நிஜமான தனியார் கிளப்புக்கும் விலக்கு.

கே: மார்க்கெட்டே சரி பண்ணிடும்ல? ஒருத்தன் விரட்டினா பக்கத்துக் கடைக்காரன் லாபம் பாப்பான்.

இந்த வாதத்த நான் கிண்டல் பண்ண மாட்டேன், பெரிய ஆளுங்க சொன்னது. கேரி பெக்கர்னு நோபல் வாங்கின பொருளாதார அறிஞர், 1957லயே பாகுபாடு பாக்கற முதலாளி தன் காசுலதான் அத பண்றான், போட்டி இருந்தா அது அவனுக்கு நஷ்டம்ங்கற மாதிரி ஒரு கணக்க வச்சார். கணக்கு சரிதான், ஒரு இடத்துல ஓட்டை. கஸ்டமருங்களே பாகுபாடு பாக்கறவங்களா இருந்தா? அப்ப விரட்டறதுதான் லாபம்! கான்ஸ்டன்டைன் கேஸ்ல ஹோட்டல் சொன்னதும் அதத்தானே, எங்களுக்கு ஒண்ணும் இல்லங்க, தங்கியிருக்கறவங்களுக்குத்தான் புடிக்கலன்னு.

அமெரிக்காவுல விக்டர் ஹியூகோ கிரீன்னு ஒரு போஸ்ட்மேன் 1936லேர்ந்து ஒரு கையேடு போட ஆரம்பிச்சார், கிரீன் புக்னு பேரு. கறுப்பினத்தவர் பயணம் போனா எந்த ஊர்ல எந்த லாட்ஜ் ரூம் தரும், எந்த பெட்ரோல் பங்க்ல நிறுத்தலாம், எங்க சாப்பாடு கெடைக்கும்னு பட்டியல். 1960கள் வரைக்கும் வந்துது. முப்பது வருஷம்! மார்க்கெட் அவ்வளவு வேகமா சரி பண்ணியிருந்தா அந்தப் புத்தகம் ரெண்டாவது வருஷமே பழைய பேப்பருக்கு போயிருக்கும்.

நியாயமா ஒண்ணு ஒத்துக்கணும். அங்க தென் மாநிலங்கள்ல பிரிச்சு வையின்னு சொன்னதே சட்டம்தான், அதனால அது சுதந்திர மார்க்கெட்டே இல்லன்னு எதிர்த்தரப்பு சொல்வாங்க, சரிதான். ஆனா கிரீன் புக்கோட மொத பதிப்பு நியூயார்க் பக்கத்துக்குத்தான் வந்துது, அங்க அப்படி சட்டம் இல்ல. மான்ட்ரியல்லயும் இல்ல. அங்க 1936ல ஃப்ரெட் கிறிஸ்டிங்கறவர் ஹாக்கி நடக்கற அரங்கத்துக்குள்ள இருந்த மதுக்கடைல பீர் கேட்டார், கறுப்பினத்தவருக்கு தர்றதில்லன்னுட்டாங்க. 1939ல கனடா சுப்ரீம் கோர்ட் "வியாபாரிக்கு யாரோட வியாபாரம் பண்றதுங்கற சுதந்திரம் இருக்கு"ன்னு நாலுக்கு ஒண்ணுன்னு கடைக்காரர் பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு. "என் கடை என் இஷ்டம்" ஆளுங்க கேக்கற உலகம் எப்படி இருக்கும்னு தெரியணும்னா கற்பனையே பண்ண வேணாம், இருந்து பாத்தாச்சு.

இப்பவும் போகல. வீட்டயோ ரூமையோ ஆன்லைன்ல வாடகைக்கு விடற ஏர்பிஎன்பில ஒரே மாதிரி புரொஃபைல் வச்சு பேர மட்டும் மாத்தி ரிக்வெஸ்ட் அனுப்பி ஒரு ஆய்வு பண்ணாங்க, 2017ல வெளியாச்சு. கறுப்பினப் பேர் மாதிரி தெரிஞ்சதுக்கு சம்மதம் சுமார் 16 சதவீதம் கொறவு.

கே: ஒரு கடைல இல்லன்னா வேற கடைக்கு போக வேண்டியதுதானே?

லாட்ஜ் கதைய இங்க சொல்லிடறேன். சேந்த மொத வாரமே மேனேஜர் சொல்லி வச்சார், இந்த இந்த ஆளுங்க வந்தா ரூம் இல்லன்னு சொல்லிடு, சண்ட வேணாம், சிரிச்சிக்கிட்டே சொல்லு. ஒரு நாள் ராத்திரி பதினொண்ணு இருக்கும், மழை, ஒரு திருநங்கை வந்தாங்க, கூட வயசான அம்மா, கையில ஸ்கேன் கவர். காலைல எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி, ஒரு ராத்திரிக்கு மட்டும் வேணும்னாங்க. "ரூம் இல்லக்கா"ன்னேன். அவங்க என் மூஞ்சிய பாக்கல. எனக்கு பின்னாடி சாவி மாட்டற பலகைய பாத்தாங்க. பித்தளை வளையத்தோட ஏழு சாவி தொங்கிட்டிருந்துது, அப்பதான் நானும் திரும்பி பாத்தேன். ஒரு வார்த்த திட்டல. "பக்கத்துல வேற எங்க இருக்கும் தம்பி?"ன்னு கேட்டாங்க, நானும் ரெண்டு லாட்ஜ் பேர சொன்னேன், அங்கயும் இதேதான் சொல்வாங்கன்னு நல்லா தெரிஞ்சே சொன்னேன்.

வேற கடைக்கு போங்கறது ஒரே ஒரு கடைக்காரருக்கு மட்டும் கிறுக்கு புடிச்சிருந்தா சரியான பதில். வரிசையா எல்லாருக்கும் ஒரே கிறுக்குன்னா?

கே: இஷ்டமில்லாதவன வேல செய்ய வைக்கறது அடிமைத்தனம் மாதிரிதானே?

இத கோர்ட்லயே கேட்டுட்டாங்க! 216 ரூம் இருந்த அட்லாண்டா மோட்டல் ஒண்ணோட ஓனர், 1964 சட்டம் வந்த கையோட கேஸ் போட்டார், ஹார்ட் ஆஃப் அட்லாண்டா கேஸ்னு பேரு. கறுப்பினத்தவருக்கு ரூம் குடுக்கச் சொல்றது என்ன விருப்பமில்லாம வேல வாங்கறது, அதனால 13வது சட்டத்திருத்தத்துக்கு விரோதம்னார். 13வது திருத்தம் எதுக்கு வந்ததுன்னு ஞாபகம் இருக்கா, கறுப்பினத்தவர அடிமைத்தனத்துலேர்ந்து விடுவிக்க வந்தது. அதே வருஷம் டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஒரு நீதிபதி கூட மாறாம அவருக்கு எதிரா தீர்ப்பு குடுத்துது. தொழில விட்டுட்டு போறதுக்கு அவருக்கு முழு உரிமை இருக்கு, அடிமைக்கு அது இல்ல.

கே: மத நம்பிக்கைக்கு மதிப்பே இல்லையா?

இருக்கு. இந்த எடத்துல நான் அலட்சியமா பேச மாட்டேன், உண்மையான பக்தியோட சங்கடப்படறவங்கள பாத்திருக்கேன். ஆனா மதம்ங்கற காரணம் எல்லா பாகுபாட்டுக்கும் பொருந்திப் போயிடுதுங்கறதுதான் பிரச்சன. தென் கரோலினாவுல பிக்கி பார்க்னு ஒரு உணவகக் குழுமம், ஓனர் இனங்கள் கலக்கறது கடவுளுக்கு விரோதம்னு வாதாடினார். 1968ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அத அற்பமான வாதம்னு ஒரு அடிக்குறிப்புலயே ஒதுக்கிடுச்சு. பிரிட்டன்ல கார்ன்வால்ல தங்கும் விடுதி வச்சிருந்த கிறிஸ்தவத் தம்பதி, கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும்தான் டபுள் ரூம்னு சொல்லி ஒரு ஆண் ஜோடிய திருப்பி அனுப்பினாங்க, அவங்களும் 2013ல சுப்ரீம் கோர்ட்ல தோத்தாங்க. மொத கேஸ்ல உங்களுக்கு கோவம் வந்து ரெண்டாவதுல பரிதாபம் வந்தா ஏன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. நானும் யோசிச்சேன், வித்தியாசம் கெடைக்கல. நம்பிக்கைய வச்சுக்க முழு உரிமை, ஆனா அதுக்கான விலைய கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிக்கறவர் கட்டக் கூடாது.

கே: அந்த கேக் கேஸ் என்ன ஆச்சு?

எந்த கேக் கேஸ்? ரெண்டு இருக்கு, எல்லாரும் ஒண்ணா போட்டு குழப்பிக்கறாங்க.

ஒண்ணு பெல்ஃபாஸ்ட். 2014ல ஒருத்தர் "ஓரினத் திருமணத்த ஆதரிப்போம்"னு எழுதின கேக் ஆர்டர் குடுத்தார், 36.50 பவுண்டு. பேக்கரி மொதல்ல வாங்கிட்டு அப்புறம் காச திருப்பிக் குடுத்துட்டாங்க. 2018ல பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் ஒருமனதா பேக்கரி பக்கம் நின்னுது. காரணம் என்னன்னா அவங்க மறுத்தது ஆள இல்ல, வாசகத்த, எதிர்பால் ஈர்ப்புக்காரர் வந்து அதே வாசகத்த கேட்டிருந்தாலும் மறுத்திருப்பாங்க. எனக்கு முழு சம்மதம், என் கோடும் இதேதான்.

இன்னொண்ணு கொலராடோ, 2012. ஒரு ஆண் ஜோடி கல்யாண கேக் கேட்டாங்க. என்ன டிசைன், என்ன எழுதணும்ங்கற பேச்சே வரல, அதுக்குள்ள பேக்கரிக்காரர் முடியாதுன்னுட்டார். 2018ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 7க்கு 2னு கடைக்காரருக்கு சாதகமா சொன்னது உண்மை, ஆனா மெயின் கேள்வியத் தொடவே இல்ல. பாகுபாட்டுப் புகார விசாரிச்ச மாநில கமிஷன் அவரோட மதத்த பத்தி எகத்தாளமா நடந்துக்கிச்சுங்கறதால தீர்ப்பு அப்படி. இத வச்சு "கோர்ட்டே சொல்லிடுச்சு"ன்னு ரெண்டு பக்கமும் சுத்தறவங்க தீர்ப்ப படிக்கலன்னு அர்த்தம். என்னைக் கேட்டா, அடுத்த ஆளுக்கு கண்ணாடிப் பெட்டிலேர்ந்து எடுத்துக் குடுக்கற அதே கேக்க இவங்களுக்கு மாட்டேன்னா அது ஆளத்தான் மறுக்கறது.

2023ல வந்த தீர்ப்புதான் தலவலி. அதே கொலராடோல ஒரு வெப்சைட் டிசைனர், ஓரினத் திருமணத்துக்கு வெப்சைட் பண்ண மாட்டேன்னு கேஸ் போட்டு 6க்கு 3னு ஜெயிச்சாங்க. அவங்க எழுதறது பேச்சு, பேச்ச கட்டாயப்படுத்த முடியாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. பொதுமக்களுக்கு தொறந்து வச்ச ஒரு பிசினஸுக்கு இப்படி மறுக்கற அரசியல் சாசன உரிமைய கோர்ட் குடுக்கறது இதான் மொத தடவைன்னு எதிர்த் தீர்ப்புல நீதிபதி சோட்டோமேயர் எழுதினாங்க. இங்கதான் என் கோடு அழியுது. ஒரு ஜோடிக்காக கவிதை எழுதறவர கட்டாயப்படுத்தறது எனக்கும் ஒப்பாது. ஆனா ரெண்டு பேரையும், தேதியையும், மண்டபத்தையும் போட்டு நிரப்பற டெம்ப்ளேட்ட "கலை"ன்னா நாளைக்கு முடி வெட்டறவர், பூ கட்டறவர், போட்டோ எடுக்கறவர் எல்லாரும் கலைஞர்தான். எங்க நிறுத்தறதுன்னு அந்தத் தீர்ப்புல தெளிவா இல்ல. நான் டெம்ப்ளேட்ல நிறுத்துவேன்.

கே: அப்ப யூத பிரின்டர் நாஜி போஸ்டர் அடிச்சுக் குடுக்கணுமா?

வேணாம். அது வாசகம். யார் வந்து கேட்டாலும் அடிக்க மாட்டார். அடுத்தது.

கே: அரசியல் கருத்து புடிக்கலன்னா?

2018ல வர்ஜீனியால ஒரு உணவகம், வெள்ளை மாளிகை செய்தித் தொடர்பாளரா இருந்த சாரா சாண்டர்ஸ எழுந்து போகச் சொல்லிடுச்சு. ஃபெடரல் சட்டப்படி அது தப்பே இல்ல, அரசியல் அந்தப் பட்டியல்ல கெடையாது. வாஷிங்டன் டி.சி. மாதிரி சில இடங்களோட சட்டத்துல அரசியல் சார்பும் இருக்கு. எனக்கு இதுல பெருசா கோவம் வரல, மந்திரி மாதிரி ஆளுங்களுக்கு அடுத்த கடை எப்பவும் தொறந்தேதான் இருக்கும்.

கே: மாற்றுத்திறனாளிகளுக்கும் இதே ரூல்தானா?

இங்க ரூலே தலகீழ். மத்தவங்களுக்கு "எல்லாரையும் ஒரே மாதிரி நடத்து", இங்க ஒரே மாதிரி நடத்தறதுதான் தப்பு. நாலு படிக்கட்டு எல்லாருக்கும் பொதுதான், வீல்சேர்ல வர்றவருக்கு அது சுவரு. அதனால அமெரிக்காவுல 1990ல வந்த சட்டம், பழைய கட்டடமா இருந்தாலும் பெரிய கஷ்டமோ செலவோ இல்லாம எடுக்கக் கூடிய தடைய எடுத்தே ஆகணும்ங்குது. கடைக்காரர் கைலேர்ந்து காசு போகுது, அதான் எதிர்ப்பும் அதிகம்.

எதிர்ப்புல கொஞ்சம் நியாயமும் இருக்கு. கலிஃபோர்னியால மாநிலச் சட்டப்படி ஒரு மீறலுக்கு கொறஞ்சது 4,000 டாலர் நஷ்டஈடு, அதனால கடை கடையா போய் பார்க்கிங் கோடு சரியில்ல, கண்ணாடி ரெண்டு இன்ச் ஒசரம்னு கேஸ் போட்டே பொழைக்கற வக்கீலுங்க உண்டு. மொதல்ல நோட்டீஸ், சரி பண்ண டைம், அப்புறம் கேஸ்னு வச்சா என்ன கெட்டுப் போகும்னு நான் நெனைக்கறேன். மாற்றுத்திறனாளிகள் சங்கத்துல இருக்கற ஒரு நண்பர் இதுக்கு என்கிட்ட சண்டைக்கே வந்தார், "1990லேர்ந்து டைம் குடுத்தாச்சு, இன்னும் எவ்வளவு டைம்?"னு. எனக்கு பதில் வரல.

கே: "ரூம் இல்ல"ன்னு பொய் சொல்லிட்டா எப்படி நிரூபிக்கறது?

ரெண்டு பேர அனுப்பிதான். ஒரே நாள், ஒரே கேள்வி, ஆள் மட்டும் வேற. ஒருத்தருக்கு இல்லன்னுட்டு அரை மணி நேரம் கழிச்சு இன்னொருத்தருக்கு சாவி குடுத்தா முடிஞ்சுது கதை. வீட்டு வாடகை விஷயத்துல இப்படி சோதிக்கப் போனவர்கிட்டயே பொய் சொன்னாலும் அவரே கேஸ் போடலாம்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1982லயே சொல்லிடுச்சு.

கே: மனசு மாறாம சட்டம் போட்டு என்ன பிரயோஜனம்? அந்த லாட்ஜ்ல நீங்க என்ன பண்ணீங்க?

ஒண்ணும் பண்ணல. ரூம் குடுக்கல, இன்னும் எட்டு மாசம் அங்கயேதான் வேல பாத்தேன்.

மறுநாள் மட்டும் மேனேஜர்கிட்ட கேட்டேன், ஏழு ரூம் காலியா கெடந்துதே சார்னு. அவர் கெட்ட மனுஷன் இல்ல. "எனக்கென்னப்பா, ஃபேமிலி பார்ட்டி வர மாட்டான், பக்கத்து லாட்ஜுக்கு போயிடுவான்"னார். அவர் மனசு எப்படியோ, பயம் பக்கத்து லாட்ஜ் மேலதான். பக்கத்து லாட்ஜ்காரருக்கு இவர் மேல பயம். ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம், மீறினா ரெண்டு பேருக்கும் ஒரே அபராதம்னு இருந்து, அத நிஜமாவே யாராவது வந்து செக் பண்ணவும் செஞ்சா யாரும் யாரப் பாத்தும் பயப்பட வேண்டியதில்ல, ஃபேமிலி பார்ட்டிக்கு ஓடறதுக்கும் எடம் இல்ல. எனக்கும் அன்னிக்கு சொல்றதுக்கு ஒரு வாக்கியம் இருந்திருக்கும். "சார், குடுக்கலன்னா நம்ம மேல கேஸ் ஆயிடும்"னு சொல்லி ஒரு சாவிய எடுத்து நீட்டியிருப்பேன், அவரும் சரின்னு தலையாட்டியிருப்பார்னுதான் தோணுது. அவங்க அன்னிக்கு ராத்திரி எங்க தங்கினாங்கன்னு எனக்குத் தெரியாது.